திகதிக்கு மட்டும் இடம் விட்ட கல்

செய்தியைச் சொன்னவர் நம் சபையின் செயலாளர் ஜெயசீலன். காலையில் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, போதகரம்மா விடியப்புறம் மோசம் போயிட்டா" என்றார். நான் கட்டிலில் இருந்தபடியே அழுதேன். அவர் நான் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "குறை நினைக்காதேங்கோ அக்கா. மரண அறிவித்தல் குடுக்க வேணும். அவவின்ர பேர் என்ன?"

"என்ன பேர்?" என்றேன்.

"அவவின்ர சொந்தப் பேர். கொமிற்றியில ஒருத்தருக்கும் தெரியேல்லை. மகள் ஷாமினி போன் எடுக்கிறா இல்லை."

ஜெயசீலன் லண்டனுக்கு வந்திறங்கிய குளிர்காலம் முழுவதும் போதகரின் வீட்டு முன்னறையில்தான் படுத்தெழும்பினார். அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டார். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது இரவிரவாக விழித்திருந்து பார்த்தவர் அந்த அம்மா. பெயர் எனக்குத் தெரியும். ஆனாலும் கோபத்தில், "மகள் எடுக்கும்வரைக்கும் அடியும் தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மகள் எடுக்கவில்லை. பின்னேரம் அறிவித்தல் வந்தது: "திருமதி போதகர் தேவதாசன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்னார், காலஞ்சென்ற போதகர் தேவதாசன் அவர்களின் அன்பு மனைவியும்..." படத்தில் அவருக்குப் பக்கத்தில் போதகரும் நின்றார்.

இதை வாசிக்கிற சபையாரே, உங்களில் பலருக்கும் அந்தப் பெயர் தெரியாது. கடைசியில் சொல்கிறேன். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம்.

நான் அவரை முதலில் கண்டது லண்டன் கோலியர்ஸ் வுட்டில், ஆங்கிலேயரின் தேவாலயத்தை நம் ஆட்கள் ஞாயிறு பின்னேரங்களில் இரவல் வாங்கி ஆராதனை நடத்திய காலத்தில். அவர்கள் தங்கள் ஆராதனை முடிந்ததும் சூட்டை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் ஓவர்கோட்டோடு முழங்காலில் நிற்போம். புதிதாக வந்த என்னைச் சுற்றி நின்று எல்லோரும் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்கள். எந்த ஊர், ஆரின்ர மகள், அவர் என்ன வேலை, இன்னாருக்கு நீங்கள் என்ன முறை. ஒரு பெண் மட்டும் தேநீர்த் தட்டோடு வந்து, "உம்மட பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, இனி நீர் என்ர பேரைக் கேக்க வேணும். நான் சொல்லுவன்" என்று சிரித்தார். கேட்டேன், சொன்னார். அதற்குப் பிறகு, சபைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் அவர் இதே கேள்வியைக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கேட்டவர்கள் அதிகம் இல்லை. போதகரின் மனைவி என்று தெரிந்த பிறகு வேறென்ன கேட்க வேண்டியிருக்கிறது?

போதகரின் குடும்பக் கதை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஒவ்வொரு சபைத் திருநாளிலும் அவர் அதைத்தான் பிரசங்கித்தார். அவருடைய தகப்பனாரும் போதகர். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக் காட்டுக்கு மாட்டு வண்டியில் போய், ஓலைக் கொட்டிலில் சபையைத் தொடங்கியவர். இரண்டு காளைகள், ஒன்று ராசன், மற்றது வெள்ளையன். வழியில் யானை மறித்தது. மலேரியா வந்தது. கொட்டில் எரிந்தது, திரும்பவும் கட்டினார். அந்த இடத்தில் போதகரின் குரல் தழுதழுக்கும், சபையும் மூக்கைச் சிந்தும். பாடகர் குழுவில் போதகரம்மா எனக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு திருநாளில் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னார்: "மாடு ரெண்டின்ர பேரும் வந்திட்டுது. தாயின்ர பேர் இந்த வருசமும் வரேல்லை." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த பாட்டில் நான் தாளம் தப்பியது அதனால்தான்.

பிறகொரு நாள் அந்தத் தாயைப் பற்றிக் கேட்டேன். போதகரம்மா கலியாணம் முடித்த புதிதில் மாமியாரின் கல்லறையைப் பார்க்க வன்னிக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அந்த மனுசி காட்டில் பிள்ளைகளைப் பெற்று, இரண்டைக் காய்ச்சலுக்குக் கொடுத்து, கடைசியில் தானும் அதே காய்ச்சலில் போனவர். கல்லில் இருந்தது ஒரு வரி: போதகரின் பத்தினி. "பேரைக் காணேல்லை. இவரிட்டக் கேட்டன். அம்மாவை எல்லாரும் போதகரம்மா எண்டுதான் சொல்லுறவை எண்டார். என்னையும் அப்பதான் அப்படிக் கூப்பிடத் தொடங்கியிருந்தவை" என்றார்.

லண்டனில் அவர் வாழ்ந்ததும் காட்டு வாழ்க்கைதான். யானை மட்டும் இல்லை. சபை கொடுத்ததில் வீடு நடக்காது என்பதால் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரியில் விடியப்புற ஷிப்ட் செய்தார். ஞாயிறு ஆராதனைக்குப் பாண் மணத்தோடு வருவார். விமான நிலையத்திலிருந்து வருகிற பொடியன்களை எல்லாம் போதகர் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். கூட்டி வருவது அவருக்கு ஊழியம். பாய் விரிப்பதும் சோறு போடுவதும் உடுப்புத் தோய்ப்பதும் யாருடைய ஊழியம் என்று யாரும் கேட்கவில்லை. ஷாமினியின் அறையையும் ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று. அவள் ஏ-லெவல் சோதனைக்குச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே படுத்துக்கொண்டு டோர்ச் வெளிச்சத்தில் படித்தாள். இப்போது வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள், சபைப் பக்கம் வருவதில்லை. அவள் விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று கவலைப்படுகிற பெரியவர்களில் சிலர் அவளுடைய கட்டிலில் படுத்தவர்கள்.

போதகர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. போதகரம்மாவே அப்படிச் சொன்னதில்லை. "அவர் நல்ல மனுசன். நல்ல மனுசனோட குடும்பம் நடத்திப் பாரும், அப்ப தெரியும்" என்பார். போதகர் இறந்தபோது வாய்விட்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

போதகரின் கல்லறைக் கல் திறப்பு நாளை நான் மறக்க மாட்டேன். சபை செலவழித்துப் போட்ட கறுப்புக் கல். துணியை இழுத்தார்கள், எல்லோரும் கை கூப்பினோம். மேலே போதகரின் பெயர், பிறப்பு, இறப்பு, ஊழிய வருடங்கள், தகப்பனாரின் பெயர், வசனம் ஒன்று. அதன் கீழே பொன் எழுத்தில், "இவரது அன்பு மனைவியும் இவருடன் இளைப்பாறுகிறார்." அதற்குப் பக்கத்தில் திகதிக்கு மட்டும் கொஞ்ச இடம். பிறகு கல்லைக் கழற்றிக்கொண்டு போய்த் திரும்ப வெட்டுவிப்பது பெரிய வேலை என்று, கொமிற்றி எல்லாவற்றையும் ஒரே தரத்தில் முடித்துவிட்டது. அந்த அன்பு மனைவி கையில் பூவோடு உயிரோடு முன்னால் நிற்கிறார். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நம் ஆட்களால் மட்டும்தான் இப்படி ஒரு காரியத்தை இவ்வளவு பக்தியோடு செய்ய முடியும். போதகரம்மா கிட்டப் போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். திரும்பி வந்து என் காதுக்குள், "நான் சாக முந்தியே என்னைத் தாட்டுப்போட்டினம். பேரைப் போடவும் மறந்திட்டினம்" என்றார். அன்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து வீடு. அது சபையின் வீடு, புதிய போதகர் வருகிறார், குடும்பஸ்தர். எல்லாம் நியாயம்தான். பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, தேநீர் குடித்து, ஜெபம் பண்ணி, பிறகு வீட்டை விட வேண்டும் என்ற விசயத்தைச் சொன்னார்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி ஒரு பெரிய படமும் கொடுத்தார்கள். போதகரின் படம். கவுன்சில் சட்டனில் கொடுத்த பிளாட்டில் அதை மாட்டச் சுவர் போதாமல், அவர் அதை உடுப்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். "அவருக்கும் அங்க நிம்மதி. ஒருத்தரும் வந்து கதவைத் தட்ட மாட்டினம்" என்றார். உண்மையாகவே ஒருவரும் தட்டவில்லை. சட்டன் என்ன கனடாவிலா இருக்கிறது? பஸ் ஓடுகிற தூரம்தானே. நீங்கள் யாராவது போனீர்களா?

அந்த பிளாட்டில்தான் என்னிடமும் மகளிடமும் ஒன்று கேட்டார். வாழ்நாளில் அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் கண்டது அந்த ஒரு தரம்தான். "என்னை அந்தக் கல்லுக்குக் கீழ வையாதேங்கோ. அவரில எனக்குக் கோவம் இல்லை. ஆனா நானும் மாமி மாதிரி ஒரு வரியாப் போக ஏலாது. எனக்கு ஒரு சின்ன இடம் காணும், என்ர பேர் இருந்தாச் சரி." ஷாமினி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா" என்றாள். அவள் தமிழில் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அவர் இறந்த மூன்றாம் நாள் ஜெயசீலனும் இரண்டு பெரியவர்களும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஷாமினி தாயைச் சட்டனில் அடக்கம் பண்ண ஏற்பாடு செய்துவிட்டாள், அதை நான் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

"போதகர் அங்க தனியக் கிடக்கிறார் அக்கா. சனம் என்ன சொல்லும்? இடமும் இருக்குது, கல்லும் ரெடியா இருக்குது" என்றார் ஜெயசீலன்.

"கல் ரெடிதான். அதில ஆரின்ர பேர் இருக்கு?" என்றேன்.

கல் வெட்டுகிறவரோடு ஏற்கெனவே பேசியிருக்கிறார்கள் போலும். "அந்த வரிக்குக் கீழ கொஞ்ச இடம் இருக்காம். சின்ன எழுத்தில போடலாம் எண்டு சொல்லுறார்" என்றார் ஜெயசீலன்.

அவர்களுக்கு முன்னாலேயே ஷாமினிக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் விட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "சின்ன எழுத்திலயா, ஆன்ட்டி?" என்றாள். பிறகு சொன்னாள்: "அங்கிள் ஆக்களுக்குச் சொல்லுங்கோ, அம்மா வீட்டில சின்ன இடத்திலதான் இருந்தவ. இனி ஏலாது." அவ்வளவுதான். பெரியவர்களில் ஒருவர் போகும்போது, பிள்ளை வளர்ப்புச் சரியில்லை என்று வாசலில் நின்று முணுமுணுத்தார். அந்த வளர்ப்புக்கு இடைஞ்சலாக முன்னறையில் படுத்திருந்தது யார் என்ற கேள்வி வாய்வரை வந்தது. மரண வீட்டு நேரம் என்று விட்டுவிட்டேன்.

அடக்கத்துக்கு நம் சபையிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குக் கோபம். ஜெயசீலன் வந்தார், அதை நான் மறைக்கக் கூடாது. மண் போடும்போது தேம்பித் தேம்பி அழுதார். அவருக்கும் அந்த அம்மாவின்மேல் அன்பு இருந்தது. உங்கள் எல்லோருக்கும் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அன்பில்லாதவர்கள் பெயர் கேட்காமல் விட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மண் இறுகும்வரை கல் வைக்க விடமாட்டார்களாம். அதனால் தலைமாட்டில் ஒரு மரப்பலகை நட்டிருந்தார்கள். அதில் பெரிய எழுத்தில் நேசரத்தினம் என்று எழுதியிருந்தது. கீழே பிறந்த திகதி, இறந்த திகதி. இன்னாரின் மனைவி என்றோ மகள் என்றோ ஒரு சொல் இல்லை. ஜெயசீலன் கண்ணைத் துடைத்துவிட்டு அதை வாய்விட்டு வாசித்தார். "நேசரத்தினம். நல்ல பேர் அக்கா. முந்தியே ஒருக்காச் சொல்லியிருக்கலாமே அவ" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

நேசக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். போன ஞாயிறு புதிய போதகரின் மனைவி தேநீர்த் தட்டோடு என்னிடம் வந்தார். சின்னப் பெண், இரவு முழுக்க நித்திரை கொள்ளாத முகம். பக்கத்தில் நின்றவர்கள், "போதகரம்மா, எனக்குச் சீனி போடாமல்" என்றார்கள். நான் தட்டை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "உம்மட பேர் என்ன பிள்ளை?" என்று கேட்டேன். அவர் சொல்லுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.