மடக்குக் கத்தியும் ஒரு சாக்குத் தேங்காயும்

என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஒரு மடக்குக் கத்தி எப்போதும் இருக்கும். செல்போனை மறந்துவிட்டு வேலைக்குப் போன நாள் உண்டு. கத்தியை மறந்ததில்லை. அதை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அப்போது அந்தக் கத்தியால் வெண்டைக்காயைக்கூட நறுக்க முடியாது என்பது வேறு விஷயம்.

நாங்கள் இருவரும் போடியிலிருந்து தினமும் விடிகாலை ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போகிறவர்கள். எனக்குக் காய் எடுக்கிற வேலை. அவருக்குக் காயை உலர்த்தும் ஸ்டோரில் வேலை. போன வருஷம் ஒருநாள் தோட்டத்தில் பலாப்பழம் அறுத்திருக்கிறார். பால் ஒட்டிக் கத்தி மடங்கியபடியே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை.

"இப்ப வர்ற கத்தியெல்லாம் இப்படித்தான்" என்று சொல்லி ஜன்னலில் வைத்துவிட்டார். அது பதினைந்து வருஷத்துக் கத்தி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவர் ராசிங்காபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனதும் நான் கத்தியைக் கையில் எடுத்தேன். தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவிட்டுத் துணியால் தேய்த்ததும் பால் உருண்டு உருண்டு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே புகையிலைத் தூள், நூல், பாதி ஏலக்காய். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு கழுவித் துடைத்து, மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை.

கடைவீதியில் போய் ஒரு சாணைக்கல் வாங்கி வந்தேன். செல்போனில் ஒரு மலையாளத்துக்காரர் கத்தி தீட்டிக் காட்டினார். அலகைக் கல்லில் படுக்கவும் விடக்கூடாது, நிமிர்த்தவும் கூடாது, லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சொரசொரப்பான பக்கம் முதலில், வழவழப்பான பக்கம் பிறகு. நடுநடுவே "பதுக்கெ, பதுக்கெ" என்றார். மெதுவாக என்று அர்த்தம். எனக்கு அது தமிழிலேயே கேட்டது. தீட்டி முடித்ததும் கல்லைக் கேப்பை மாவு டின்னுக்குப் பின்னால் பதுக்கிவிட்டேன். கத்தி செய்தித்தாளைச் சத்தமில்லாமல் அறுத்தது. அதை ஜன்னலில் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் எடுத்துப் பார்த்தார். திறந்துகொண்டது. "நேத்து வெயிலுக்கு எளகிருச்சு" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அன்று ஜீப்பின் மேலே தோட்டத்துக் கோயில் பொங்கலுக்காக ஒரு சாக்குத் தேங்காய் கட்டியிருந்தார்கள். போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் கயிறு தளர்ந்து சாக்கு ஆடியது. டிரைவர் ஓரங்கட்டினார். தூறலில் நனைந்து இறுகிய முடிச்சு அவிழவில்லை.

"அண்ணே, ஒங்க கத்திய எடுங்க. நீங்க அறுத்து முடிக்கிறதுக்குள்ள நாங்க ஒரு தூக்கம் போட்டுர்றோம்" என்றார் டிரைவர். பெண்கள் சிரித்தார்கள். கத்தி தீட்டியிருக்கிறது என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் மேலே ஏறிவிட்டார். வழக்கம்போல முழு பலத்தையும் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். கயிறு போனது. கீழே இருந்த சாக்கும் கூடவே கிழிந்தது.

தேங்காய்கள் ஜீப்பு மேலிருந்து குதித்து ரோட்டில் உருண்டன. சேலையைச் செருகிக்கொண்டு எல்லோரும் பின்னால் ஓடினோம். கீழ் வளைவில் ஒரு கேரளா பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் இறங்கி, கைக்கொரு தேங்காயோடு, "இது ஆருடெ தேங்ஙயா?" என்று கேட்டார். ஐந்து காய் பள்ளத்துக்குப் போனது. மற்றவை கிடைத்தன. திரும்பி மேலே வந்தால் இவர் ஜீப்பு மேலேயே நின்று தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில இன்னும் வலு இருக்கு, பாத்தியா" என்றார் என்னிடம்.

அந்த வாரம் முழுக்க அந்தக் கை பேச்சுத்தான். வெள்ளிக்கிழமை ஸ்டோரில் இரண்டு பேர் தூக்குகிற ஈரக்காய் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். குப்புறப் படுக்கவைத்துத் தைலம் தேய்க்கும்போது எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தலையணையிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப அந்தத் தேங்காயெல்லாம் ஒஞ் சோலியா?"

"ஆமாங்க."

"நான் கை வலுவுன்னுல்ல நெனச்சேன்" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்ததால் என்னைத் திட்டினார். திட்டும்போதே மறுபடி சிரித்தார்.

திங்கட்கிழமை ஜீப்பில் அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், என்னவோ தான் சொல்லித்தான் நான் தீட்டியதுபோல. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவிலுள்ள அரிவாமணையும் கத்தியும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றன. நான் தீட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்து எண்ணெய் போடுகிறார். எண்ணெய் கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்து வீட்டுக்காரி வெங்காயத்தில் மிஷின் வாடை அடிக்கிறது என்கிறாள். சொன்னால் அவர் கேட்பதில்லை.