சுவரில் நின்றவள்

பம்பைக்காரர்கள் அடித்து ஓய்ந்த அந்தச் சாயங்காலம் இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உத்திரமேரூர் ஏரியில் தண்ணீர் மொண்டு, செம்பைக் கரையோரம் வைத்து, புதுப்புடவையும் மல்லிகையும் சாத்தி, அத்தை குடும்பமே காத்திருந்தது. மறுநாள் அத்தை மகனுக்குக் கல்யாணம். வீட்டில் கன்னியாக இறந்துபோனவளைக் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி என்று நீரிலிருந்து அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டுப் பெண் ஒருத்திக்கு அருள் வந்து செம்பைத் தூக்கினால், வந்துவிட்டாள் என்று அர்த்தம். வராவிட்டால் தாலி கட்டவே பயப்படுவார்கள். அன்று யாருக்கும் அருள் வரவில்லை.

அழைத்தது அத்தையின் மகளை. பத்தாவது படிக்கும்போது இதே ஏரிக்குத் துணி துவைக்கப் போனவள் உயிரோடு திரும்பவில்லை. அன்றிலிருந்து அத்தை தினமும் கரைக்கு வந்து சும்மா நின்றுவிட்டுப் போவாள். பிறகு கரைமேல் நடைபாதை போட்டார்கள். நெடுகச் சுவர் எழுப்பி ஊர் வரலாற்றை வரைந்தார்கள். குடவோலைச் சீட்டு எடுப்பது, புள்ளலூர்ப் போர் யானைகள், ஏரி வெட்டும் கூட்டம். வெயிலில் நின்று வரைந்த ஓவியருக்கு அத்தைதான் மோர் கொண்டுபோவாள். ஏரி வெட்டும் கூட்டத்தில் முகம் வரையாமல் விட்டிருந்த ஒருத்திக்குத் தன் மகள் முகத்தை வைக்கச் சொல்லி, பள்ளிக்கூடப் போட்டோவைக் கொடுத்தாள். அவரும் நல்ல மனுஷர், மறுக்கவில்லை. மண்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு அவள் அப்படியே நின்றாள். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அத்தைக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். தினமும் சுவரடியில் பூ வைத்துவிட்டு வருவாள்.

பம்பை ஓய்ந்ததும் ஆளுக்கொரு குற்றம் கண்டுபிடித்தார்கள். தீட்டு என்றார் ஒருவர், புடவை நிறம் சரியில்லை என்றார் இன்னொருவர். கல்யாணமாப்பிள்ளை முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். அத்தை எழுந்தாள்.

"தண்ணியில இன்னாத்துக்குத் தேடிக்கினு கீறீங்க? நாந்தான் அவளைச் செவுத்துல நிக்க வச்சிட்டனே."

செம்பைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஏறினாள். பம்பைக்காரர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஷூ போட்டுக்கொண்டு நடக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். படத்துக்கு முன்னால் செம்பை வைத்து அத்தை மெதுவாகச் சொன்னாள்.

"கூடைய எறக்கி வச்சிட்டு வாம்மா. வூட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான், அத்தைக்கே அருள் வந்துவிட்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன்பிறகு அத்தை ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை. சர்க்கரைக்காக நான்தான் தினமும் நடக்கிறேன். வெளியூர்க்காரர்கள் அவள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வெறும் பெயின்ட்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் அந்த இடம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தாண்டிவிடுவேன். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

திரும்பும் வழியில் அத்தை வீட்டில் ஒரு வாய் காபி. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மருமகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, தினமும் அதையேதான் கேட்கிறாள்.

"கண்ணு, அவ இன்னும் அங்கயே நின்னுகினு கீறாளா?"

"இல்ல அத்தை. வூட்டுக்கு வந்துட்டா."