ஏட்டு வருவதற்குள் போட்ட கோலம்

குற்றவியல் நீதி படிக்கிறேன் என்றால் ஊரில் இன்றைக்கும் முதல் கேள்வி, "யாரு மேலடா கேஸு?" என்பதுதான். எஸ்.ஐ. தேர்வு எழுதப் போகிறேன், அரசு வேலைக்கான படிப்பு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விளக்குகிற வேலையும் என் தலையில்தான். ஆனால் இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்த கதையை மட்டும் பொறுமையாகச் சொல்ல வராது. எரிச்சல் முந்திக்கொள்ளும்.

அப்போது ஏழாம் வகுப்பு. பாடாலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து சினை ஆடு களவு போனது. குட்டியிலிருந்து அம்மா கையால் தழை தின்று வளர்ந்த ஆடு. திருட்டு நடந்த இடத்தில் எதையும் தொடக்கூடாது, எல்லாமே தடயம் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். மழை ஈரத்தில் கொட்டகை ஓரம் ஒரு வெறுங்கால் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்த கால். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, அதன்மேல் கூடையைக் கவிழ்த்தேன்.

"யாரும் தொடக்கூடாதும்மா. இத வெச்சே புடிச்சிருவாங்க."

அம்மா கூடையைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்குத் தடயமெல்லாம் தேவைப்படவில்லை. "எதுத்த வூட்டுக்காரன்தான். வரப்புத் தகராறுலேர்ந்து கறுவிக்கிட்டு இருக்கான். அவன உள்ள வெக்காம வுடமாட்டேன்" என்று ஸ்டேஷனுக்குப் போய்ப் பேரையும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஏட்டு கிளம்பிவிட்டார் என்று போன் வந்ததும், வழி காட்ட மெயின்ரோட்டுக்கு ஓடினேன். அவர் பைக்கின் பின்னால் ஏதோ நானே விசாரணைக்கு வருகிற மாதிரி விறைப்பாக உட்கார்ந்து திரும்பினால், வாசல் பளிச்சென்று இருக்கிறது. கொட்டகை ஓரம் வரைக்கும் கூட்டி, சாணி தெளித்து, கோலமும் போட்டிருந்தாள் அம்மா. கூடை கழுவிக் காயவைக்கப்பட்டிருந்தது.

"ஏம்மா அழிச்ச?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"போலீஸ்காரவுங்க வர்றப்ப வாசல் குப்பையாவாடா கெடக்கும்?"

ஏட்டு சிரித்துவிட்டார். "கோலம் நல்லாத்தான் இருக்கு. சரி, எதுத்த வூட்டு ஆளக் கூப்புடுங்க."

"அந்த அண்ணன் இல்லீங்க சார்" என்றாள் அம்மா. "இவரு கோவத்துல சொல்லிட்டாரு. ஆடு போனா போவுது. கேஸே வேணாங்க."

"அதெப்புடிம்மா அவரு இல்லன்னு அடிச்சுச் சொல்றீங்க?"

"அவரு இல்லீங்க சார். அவ்ளோதான்."

அப்பா பல்லைக் கடித்தார். ஏட்டு டீயைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கைக்கு வந்த திருடனைச் சாணித் தண்ணியில் கரைத்துவிட்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை, நானே போலீஸாகிவிட வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

கல்லூரியில் தடயம் பற்றிப் பாடம் நடந்த அன்று, இதை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். லப்பைக்குடிக்காட்டு நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. "டேய், அது யாரு காலுன்னு ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்டா" என்றான்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வாசல் அசிங்கமா கெடந்துச்சுடா" என்றாள், அதே பதில். இவளை எந்தக் கோர்ட்டிலும் எவனாலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

ஆடு களவு போன அன்று மத்தியானமே தகவல் தெரிந்து அரியலூரிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாத அவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். "எந்தப் பய அக்கா நம்ம ஆட்டுல கை வெச்சான்? தோல உரிச்சிர்றேன்" என்று தெருவே கேட்கக் கத்தினார். "கவலப்படாத மாப்ள, நீ போலீஸாகி அவனப் புடி" என்று என் முதுகைத் தட்டினார். அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நேரத்தில் வந்தாலும் தம்பியைச் சாப்பிடாமல் அனுப்பாதவள், அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆடு போன துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, நானே ஓடிப்போய் மாமாவுக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.