ஒரு டப்பா, மூன்று ஸ்லைடு

1. ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, சேரன்மகாதேவிக்கு அந்தப் பக்கமிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி, விடாத இருமலோடு நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வந்தாள்.
2. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சளிப் பரிசோதனை எழுதினார்.
3. அவள் ஒரு டப்பாவில் சளி கொடுத்தாள்.
4. அதிலிருந்தே மூன்று ஸ்லைடு தடவினோம். மூன்றிலும் கிருமி தெரியவில்லை.
5. ரெஜிஸ்டரில் மூன்று தனித்தனி மாதிரிகள் என்று எழுதினேன். கையெழுத்தும் நான்தான் போட்டேன்.
6. ஆஸ்துமா மாத்திரையோடு அவள் ஊருக்குப் போனாள்.
7. தை பிறந்ததும் திரும்பி வந்தாள். இருமலில் ரத்தம் வந்தது.

முறைப்படி சளியை மூன்று தடவை வாங்க வேண்டும். வந்த அன்றைக்கு ஒன்று. வீட்டுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பி, மறுநாள் காலையில் எழுந்ததும் துப்புவது ஒன்று. அதைக் கொண்டு வரும்போது மூன்றாவது. ராத்திரி முழுக்க நெஞ்சில் சேர்ந்த காலைச் சளியில்தான் கிருமி அதிகம் இருக்கும். லேப் டெக்னீஷியன் டிப்ளமாவில் முதல் வருஷமே இதைப் படித்தேன்.

தொண்ணூற்றைந்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது லேபில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிட நாலு வருஷம் மூத்தவள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவோம். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வாள், நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேலை அப்படித்தான் பழகிவிட்டது.

"ரெண்டு பஸ் மாறி வாரா, பாவம். நாளைக்கும் வரச் சொன்னா அவளுக்கு ஒரு நாள் பீடிச் சுத்து போச்சு. ஒண்ணையே மூணா தடவிருவோம்ட்டி" என்பாள். எனக்கு அது இரக்கமாகப் பட்டது. பஸ்ஸில் வருகிறவர்களின் கஷ்டம் தெரிந்தவள் என்று அவளை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

தை மாதம் அந்தப் பெண் மகளோடு வந்தாள். மகள் பத்தாவது படித்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள். அன்றும் மறுநாளும் அக்கா லீவு. மூன்று மாதிரியையும் முறையாக வாங்கினேன். மறுநாள் கொண்டுவந்த காலைச் சளியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி நிறைந்து கிடந்தது. பழைய பதிவைத் தேடி ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"மூணு தடவன்னு போட்ருக்கு. எங்கம்மா அன்னைக்கு ஒரு தடவதானக்கா துப்புனா?"

அம்மா சிரித்தாள். "ஏட்டி, சும்மா இரு." பிறகு என்னைப் பார்த்து, "நாங்க ஒரு கட்ட மூணு கட்டுன்னு குடுத்தா பீடிக்கட அண்ணாச்சி விடுவாரா தாயி?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் மகளும் இரண்டு முறை இருமினாள்.

அவர்கள் போன பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, ரெஜிஸ்டரில் இருந்த முகவரிகளைப் பிரித்து எழுதினேன். இடப்பக்கம் டவுன் முகவரிகள்: வாத்தியார் வீடு, குமாஸ்தா வீடு, கடைக்காரர் வீடு. வலப்பக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள். இடப்பக்கத்துக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அக்கா இரண்டாவது டப்பாவை மூடி போட்டுக் கையில் கொடுத்தது என் நினைவில் இருந்தது. அவர்களுக்கும்தான் ஒரு நாள் லீவு போகும். அதற்காக அவள் பாவப்பட்டதில்லை. கேள்வி கேட்காதவர்களிடம் மட்டும்தான் அந்த இரக்கம்.

தாளையும் ரெஜிஸ்டரையும் பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். மறுநாள் அவர் அக்காவையும் கூப்பிட்டார். ஐப்பசிப் பக்கத்தைப் பார்த்தவர் ஒரு தேதியில் விரலை வைத்தார்.

"இது ஞாயித்துக்கிழம. லேப் பூட்டிக் கிடக்கும். அன்னைக்குச் சளி வாங்குனது யாரு?"

மறுநாள் மாதிரிகளுக்குச் சனிக்கு அடுத்த தேதியை யோசிக்காமல் எழுதியிருக்கிறேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கையெழுத்து அவளுதுதான சார். எனக்குத் தெரியாது. பார்த்தத மட்டுந்தான் நான் சொல்லுவேன்."

வெளியே வந்ததும் கேட்டேன். "நீங்கதானக்கா சொன்னீங்க?"

"நான் விஷம் குடின்னா குடிச்சிருவியாட்டி? எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு" என்றாள். குரல்கூட உயரவில்லை. அன்று மத்தியானம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நர்சுகள் அறைக்குப் போய்விட்டாள்.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. கையெழுத்து என்னுடையது, மூன்றும் ஒரே டப்பாதான், இப்படி எழுதப்பட்டவர்களின் முகவரிகளை இணைத்திருக்கிறேன், அவர்களை மறுபடி அழைத்துப் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

இன்றைய நிலை இது. அந்தப் பெண் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாள். ஒரு பக்க நுரையீரல் கெட்டுவிட்டது. மகளுக்கும் கிருமி இருக்கிறது, அவளும் சாப்பிடுகிறாள். அக்கா அதே நாற்காலியில் இருக்கிறாள். என் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆபீஸிலிருந்து இன்னும் ஒரு கடிதமும் போகவில்லை.