பரீதா அன்ரியின் இருமல்

காய்ச்சலோடு போய் என் அக்காவின் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். அதனால் வந்த பழியை வேறொருவர் சுமந்தார். நான் வாய் திறக்கவில்லை.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால் உங்களிடம் சொல்ல முடிகிறது...

அபிக்கு அப்போது ஆறு வயது. அவளுடைய சிறுநீரகங்கள் புரதத்தைத் தடுத்து நிறுத்தாமல் சிறுநீரில் ஒழுகவிட்டுவிடும். ஒழுகினால் முகமும் காலும் வீங்கும். மாத்திரைகளால் நோயை அடக்கி வைத்திருந்தார்கள். ஒரு சளித் தடிமன் வந்தாலே அது திரும்பிவிடலாம் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். அதனால் கொட்டாஞ்சேனையில் அக்காவின் மாடி பிளட்டுக்குள் தும்முகிறவர் எவருக்கும் இடமில்லை.

அவளுடைய பிறந்தநாளுக்கு முதல்நாள் எனக்குக் காய்ச்சல். வெள்ளவத்தையில் நான் காட்டிய டொக்டர், "இது இன்புளுவென்சா, வீட்டிலேயே இருங்கோ" என்றார். பின்னேரம் அக்கா போனில் கேட்டாள்.

"தம்பி, உனக்குத் தடிமன் ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை அக்கா. சுகமாத்தான் இருக்கிறன்."

ஏன் பொய் சொன்னேன்? முந்திய வருடம் வேலையைச் சாட்டாகச் சொல்லி நான் போகவில்லை. அக்கா நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. இந்த முறை காய்ச்சல் என்று சொன்னாலும் நம்பமாட்டாள் என்று பயந்தேன்... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை இதைவிட அற்பமானது. நல்ல மாமா என்று நாலுபேர் சொல்லக் கேட்க ஆசைப்பட்டேன்.

காய்ச்சலை அடக்கப் பனடோல் போட்டுக்கொண்டு போனேன். மாஸ்க் போட்டால் காரணம் கேட்பார்கள் என்று போடவில்லை. அபி ஓடிவந்து மடியில் ஏறினாள். எனக்குக் கேக் ஊட்டினாள். நான் கடித்த மிச்சத்தைத் தானே தின்றாள். பார்த்துக்கொண்டிருந்தேன்... தடுக்கவில்லை.

கீழ்வீட்டுப் பரீதா அன்ரி வட்டிலப்பம் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே இருமினார். அவருக்கு வெகுகாலமாக இழுப்பு. "இது தொத்துறதில்ல மகள், வீசிங்தான்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, உள்ளே வராமலே இறங்கிப் போனார்.

சில நாட்களில் அபிக்குத் தடிமன் பிடித்தது. பிறகு ஒரு காலை, கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் நுரைத்தது.

"மூச்சில வந்த வைரஸ் எப்பிடி டொக்டர் கிட்னிக்குப் போகும்?" ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டாள்.

"அது அங்க போகவே தேவையில்லை, அம்மா. உடம்பு வைரசோட சண்டை பிடிக்கேக்குள்ள வாற குழப்பத்திலயே கிட்னியின்ர வடிகட்டி பழுதாகிப் புரதத்தை விட்டுடும். இவவுக்கு ஏற்கெனவே அந்த வருத்தம் இருக்குத்தானே."

"ஆரிட்ட இருந்து தொத்தினது?"

"அதைச் சொல்லேலாது."

"எனக்குத் தெரியும்" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். "கீழ்வீட்டு மனிசிதான்."

தொண்டையில் மிச்சமிருந்த இருமலை விழுங்கினேன். ஆம்... பிள்ளை உள்ளே ஊசிக்கு அழுதுகொண்டிருந்தாள். என் கவலையோ, இந்த இருமல் வெளியே வந்துவிடக்கூடாதே என்பதாக இருந்தது.

அக்கா மாடிப்படியில் வைத்தே பரீதா அன்ரியை ஏசினாள். அவர், "நான் மேல வந்தது பிழைதான் மகள்" என்று அழுதார். அபியின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு நான் அக்காவின் பின்னால் நின்றேன்.

பழைய மாத்திரைக்கு நோய் இம்முறை அடங்கவில்லை. இன்னும் கடுமையான மருந்துகள் தொடங்கின, இன்றும் நிற்கவில்லை. அபியின் கன்னங்கள் ஊதிப்போயின. வகுப்புப் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தாளாம்.

கிருமி பள்ளிக்கூட வண்டியிலிருந்தும் வந்திருக்கலாமே என்று என் மனம் வாதாடும். வந்திருக்கலாம்... அப்படியானால் பரீதா அன்ரி அழுதபோது நான் ஏன் பேசாமல் நின்றேன்?

சென்ற மாதம் அவரை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். மகனோடு தெமட்டகொடைக்கு வீடு மாறிவிட்டாராம்.

"புள்ளைக்கு இப்ப எப்புடி தம்பி?"

"பரவாயில்லை அன்ரி."

"தொழுற நேரமெல்லாம் அவளுக்கு துஆ கேக்குறன். என்னாலதானே அந்தப் புள்ளைக்கு..."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள். வந்த வார்த்தைகள் வேறு.

"கவலைப்படாதேங்கோ அன்ரி. அக்கா உங்களை எப்பவோ மன்னிச்சிட்டா."

அதுவும் பொய். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.