தட்டைத் துடைக்காதீர்கள்

கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சை நம்பச் சொல்லி நாலு பேர் முன்னால் நிற்பது என் வேலை. என்னைப் போல எதையாவது செய்து காட்டிப் பிழைக்கிறவர்களுக்கு, என் உள்ளங்கை ஏன் எப்போதும் வியர்த்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தட்டு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் வேதியியல் படித்த ஒரே ஆள் நான். சூளையில் சுட்டு வந்த தட்டின்மேல் ஒரு பாலிமர் பூச்சு பூசுகிறேன். அந்தப் பாலிமரில் மின்னேற்றம் உண்டு. அது தண்ணீரை இழுத்து, மெல்லிய படலமாகத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெய் விழுந்தாலும் தட்டைத் தொட முடியாது. தண்ணீரில் முக்கினால் உருண்டு திரண்டு மேலே வந்துவிடும். சோப்பு வேண்டாம். ஒரே நிபந்தனை, எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் போயிருக்க வேண்டும். காய்ந்த தட்டில் எண்ணெய் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் எங்கள் பூச்சால் அதைக் கிளப்ப முடியாது.

"பொங்கலுக்குள்ள ஒரு ஆர்டராவது வரணும்மா. இல்லன்னா அந்த ரூம பேக்கிங்குக்கு விட்டுடலாம்" என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த அறையில் பூச்சோடு சேர்த்து நானும் இருந்தேன் என்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

சூளைக்குப் போகாத சாமான்

முதல் தொகுதித் தட்டுகளைப் பூசி, மிதமான சூட்டில் உலர்த்தி, மேசைமேல் அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். உட்கார மனசில்லாமல் பாதி டப்பாவோடு திரும்பினால் மேசை காலி. சூளையைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் அண்ணன், நான் ஏதோ மேல்பூச்சு போட்டுவிட்டு அவரிடம் கொடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் அன்றைய சுடுதலில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் தட்டுகள் பளபளவென்று வெளியே வந்தன. பாலிமர் எரிந்து எங்கேயோ போயிருந்தது. "அண்ணே, இத சுடக் கூடாதுண்ணே" என்றேன், எனக்கே கேட்காத குரலில். அவருக்கு உண்மையாகவே வருத்தம்; எனக்காகத்தான்.

"ஏம்மா, சூளைக்கே போவாத சாமான எப்படிம்மா சாமான்னு சொல்லி விக்கப் போற?"

அகல் விளக்கு

கோயில் பக்கத்தில் விளக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, எண்ணெய் ஒட்டாத பூச்சு என்று கேள்விப்பட்டு வந்தார். மண் அகலில் எண்ணெய் கசிந்து வீட்டுத் தரையெல்லாம் கறையாகிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்களாம். இதைப் பூசினால் நிற்குமா என்று கேட்டார். ஆர்டர்! முதலாளி வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எனக்குப் பொய்யும் வராது, பேச்சும் வராது. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே, ஈரமாக இருந்தால்தான், தண்ணீருக்கு உள்ளேதான் வேலை செய்யும் என்று இழுத்தேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப வெளக்க தண்ணிக்குள்ள வச்சு ஏத்தணுமாம்மா? சரி, நான் போயிட்டு வரேன்."

வசந்தா அக்காவின் துணி

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம். வாங்க வந்தவர் கையில் எந்தச் சாமானைக் கொடுத்தாலும், ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். எங்கும் மண்தூசி பறக்கிற இடம், வேறு வழியில்லை. பேக்கிங் பார்க்கும் வசந்தா அக்காவின் தோளில் அதற்கென்றே ஒரு துணி கிடக்கும். பேசிக்கொண்டிருந்தாலும் அவர் கை தானாகத் துடைத்துவிடும்.

திட்டக்குடியில் புரோட்டாக் கடை வைத்திருக்கும் பெரியவர் வந்தது பொங்கலுக்கு முந்தின வாரம். அவர்தான் கடைசி நம்பிக்கை. காலையிலிருந்து பத்துத் தடவையாவது வாளித் தண்ணீரை மாற்றியிருப்பேன். தட்டை முக்கி எடுத்து, அவர் பக்கம் நீட்டினேன். நடுவில் ஒரு கை வந்தது. வசந்தா அக்கா அதை வாங்கி, முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்து, சிரித்த முகத்தோடு பெரியவரிடம் கொடுத்துவிட்டார். "அக்கா" என்று நான் முனகியது யாருக்கும் கேட்கவில்லை. பெரியவர் தான் கொண்டுவந்த சால்னாவை ஊற்றி, ஆட்டி, வாளியில் முக்கினார். சிவப்பு எண்ணெய் தட்டில் அப்படியே அப்பிக்கொண்டு நின்றது.

"இத எங்க கடை பழைய தட்டே பண்ணுமே முதலாளி, இதுக்கா என்ன பஸ்ஸு ஏத்தி வரச் சொன்னீங்க?"

இரண்டாவது தட்டு

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. பெரியவர் செருப்பைத் தேடினார். "ஒரே ஒரு தடவ சார்" என்று முனகிவிட்டு இன்னொரு தட்டை முக்கி எடுத்தேன். நிலைமையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில், வசந்தா அக்கா முன்னைவிட வேகமாகத் துணியோடு வந்தார்.

"அக்கா! தொடைக்காத!"

பட்டறையே நின்றது. சூளைப் பக்கமிருந்து முருகேசன் அண்ணன் ஓடிவந்தார், யாருக்கோ கை சுட்டுவிட்டது என்று. அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. ஈரத் தட்டில் நானே சால்னாவை ஊற்றி வாளியில் இறக்கினேன். எண்ணெய் ஓரத்திலிருந்து சுருங்கி, சின்னச் சின்ன உருண்டைகளாகி, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தது. தட்டு வெள்ளையாகக் கீழே கிடந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். விரலால் தட்டைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். பிறகு தட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தட்டு எடுத்துக்கறேன் முதலாளி. ஆனா எங்க ஆளுங்களும் தோள்ல துண்டோடதான் நிப்பாங்க, மொத வாரம் இந்தப் பொண்ணு வந்து அவங்ககிட்டயும் இதே மாதிரி கத்தணும்."

யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்றுதான் வேதியியல் படித்தேன். இப்போது தினமும் திட்டக்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, "தொடைக்காதீங்க" என்பதை எவ்வளவு மரியாதையாகக் கத்தலாம் என்று மனசுக்குள் பழகிக்கொண்டு போகிறேன்.