மதினியின் சாக்கில் எங்கள் கொழுந்து

ஏற்றத்தின் நடுவில் கொழுந்துச் சாக்கைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மதினி அதன் மேலேயே உட்கார்ந்தாள். அந்த உட்கார்ந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சூரியநெல்லிக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யாரும் சாக்கின் மேல் உட்கார மாட்டோம். இலை நசுங்கினால் திட்டு விழும். அது தெரியாதவள் இல்லை அவள். என் அண்ணன் பெண்டாட்டி. செடி வரிசையை நாங்கள் நிரை என்போம். அவளுக்கு என் பக்கத்து நிரை. எப்போதும் எல்லோருக்கும் முன்னால் ஏறிப் போய் நின்று, "வாங்க ஆச்சிமாரே, சப்பரம் மாதிரி அசைஞ்சு அசைஞ்சு வாறிய" என்று கேலி பண்ணுகிறவள். அன்றைக்கு மூச்சு வாங்கியபடி சிரித்தாள். "காலு வேலைக்கு வரமாட்டேங்குது ஏளா. லீவு போட்டிருச்சு" என்றாள்.

கொரோனாக் காய்ச்சல் எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பலருக்கு வந்தது. மதினிக்கும் வந்தது, போனது. பெரிதாக ஒன்றுமில்லை. நாங்கள் எழுந்து வேலைக்குப் போனோம், அவளும் வந்தாள். உடம்பு மட்டும் அவளோடு வரவில்லை. ஒருநாள் நன்றாக இருப்பாள். கொழுந்து எடுப்பாள், பேசுவாள். மறுநாள் படுக்கையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. மேடு ஏறினால் நெஞ்சு படபடக்கும். எவ்வளவு தூங்கினாலும் தூங்காதவள் மாதிரி எழுவாள். குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடி போடுவாள். ஒருமுறை என் பெயரே அவள் வாயில் வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். சரியாக இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்களுக்கு வேலை போனால் வேலை மட்டும் போகாது. வீடு கம்பெனியுடையது. அண்ணன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். எஸ்டேட் பதிவில் அவனுக்குப் பேர் கிடையாது. மதினி பேரில்தான் வீடு. அவள் பேரை வெட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? அந்தப் பயத்தில்தான் அண்ணன், "எந்திரிச்சு கொஞ்சம் நடந்தா எல்லாம் சரியாயிரும்" என்று விரட்டினான். லயத்தில் சிலர் அதை மகாராணிக் காய்ச்சல் என்றார்கள். அவள் கேட்காத மாதிரி தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியவில்லை என்றால், பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிடுவோம். மாசமாக இருக்கிறவளுக்குப் போடுவோம். புருஷன் செத்து முதல் தடவை தேயிலைக் காட்டுக்கு வருகிறவளுக்குப் போடுவோம். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். மதினிக்கும் அப்படித்தான் போட்டோம். அவள் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், சாக்கு நிறைந்துவிடும். தராசில் அவள் சாக்கின் எடை ஒருநாளும் குறையவில்லை. நல்லது செய்கிறோம் என்றே நினைத்திருந்தோம்.

ஒருநாள் அவள் சூப்பர்வைசர் அண்ணாச்சியிடம் போய், கொஞ்ச காலத்துக்கு நாற்று வளர்க்கும் நர்சரியில் உட்கார்ந்து செய்கிற வேலை தரும்படி கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். "நீ எடுக்குற கொழுந்து பழைய மாதிரிதானம்மா இருக்கு. ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணுமில்லங்காங்க. நான் மேல என்ன சீக்குன்னு சொல்லுவேன்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. தராசு சொன்னதைத்தான் அவர் சொன்னார். மதினி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் வழக்கம்போல் ஒரு பிடி போட்டேன். அவள் அதை அள்ளி என் சாக்கிலேயே திருப்பிப் போட்டாள்.

"போடாதிய. ஒருத்தியும் போடாதிய."

"வீடு போயிரும் மதினி."

"நீங்க இப்படியே போட்டுக்கிட்டிருந்தா நான் போயிருவேன்."

எல்லோரும் போடுவதை நிறுத்திவிட்டோம். அவள் எடுத்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எடுத்தாள். பார்க்காமல் வேலை செய்வது கஷ்டமாக இருந்தது. எடை போடும் இடத்தில் அவள் சாக்கு சாக்கு மாதிரியே இல்லை, துணிமூட்டை மாதிரி தொங்கியது. அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார். இறக்கி மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "நாங்கதான் அண்ணாச்சி இத்தன நாளும் போட்டோம்" என்றேன்.

"நல்லா தர்மம் பண்ணுனிய போங்க! இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா மாலை போட்டிருப்பிய" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு, மதினியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்.

அங்கே இருந்தது ஒரு மலையாளத்து டாக்டரம்மா. சின்ன வயசு. நெஞ்சுக்கு, தைராய்டுக்கு எல்லாம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கூடுதல் வேலை செஞ்சா அன்னிக்கே தளர்ச்சி வருமோ, அடுத்த நாளோ?" மதினி சட்டென்று நிமிர்ந்தாள். அதை அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. "அடுத்த நாளுதான்" என்றாள். வைரஸ் காய்ச்சல் போன பிறகும் சிலருக்கு இப்படி நீண்டுபோகும் என்றார் டாக்டரம்மா. ஏன் சிலருக்கு மட்டும் என்பது முழுதாகத் தெரியவில்லை. டெஸ்ட்டில் தெரியாமல் இருக்கலாம், அதனால் இல்லை என்று ஆகாது. உடம்பை விரட்டக் கூடாது, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும், மெதுவாகத்தான் கூட்ட வேண்டும் என்றார். "பேடிக்கண்டா" என்று பயம் போகக் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"அப்ப இது என் மடியில்லயா டாக்டரே?"

"சோம்பலா? இல்லவே இல்ல."

வெளியே வந்ததும், "எனக்கு என்னமோ இருக்குன்னு சொல்லிட்டாங்க ஏளா" என்றாள், பிள்ளை பாஸான சேதி சொல்கிற மாதிரி. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் தோளை அசைக்கவில்லை.

நர்சரியில் கவருக்குள் மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். பேரை வெட்டவில்லை. சீக்கிரம் ஒன்றும் சரியாகவில்லை. நன்றாக வந்து, மறுபடி விழுந்து, மறுபடி வந்தாள். இப்போது என் பக்கத்து நிரையில்தான் நிற்கிறாள். முன்னால் ஓடுவதில்லை. லயத்தில் பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் என்ன ஏது என்று ஊரே வந்து தட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மதினி கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறாள். முற்றத்தில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் குரலைக் குறைத்துக்கொள்கிறார்கள். யாரும் தட்டுவதில்லை.